முதலில் தோற்பவருக்கு ஒரு டிராகன்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் விதியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெட்டியில் வரும் பலகை விளையாட்டுகளுக்கு விதிகள் அமைத்து எழுதுவது அவள் வேலை. பகடையில் ஆறு விழுந்தால் என்ன செய்வது, ஒரே கட்டத்தில் இரண்டு காய்கள் வந்து நின்றால் எது விலக வேண்டும், சீட்டு தீர்ந்துபோனால் ஆட்டம் முடிந்ததா இல்லையா என்று இருபத்திரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரத்திலேயே, "எங்க விதியே உங்க கையிலதான் இருக்கு" என்பார்கள். அதைத் தானே கண்டுபிடித்ததாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு. அவளும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலச் சிரித்து வைப்பாள்.

வயது நாற்பத்தேழு. காலையில் எழும்போதே பாதி நாள் உழைத்து முடித்த மாதிரி இருக்கும். கழுத்தில் ஒரு பிடிப்பு, இடது கண்ணில் சின்ன உறுத்தல். மருத்துவரிடம் போனால் "ஓய்வெடுங்க" என்றார். அந்த மாத்திரை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளி அவளைக் கூப்பிட்டு, 'ஒன்பது கோட்டை' விளையாட்டைப் பலகைக்குக் கொண்டுவரும் வேலை நமக்குக் கிடைத்திருக்கிறது என்று சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பதினைந்து வருடமாக உலகமெல்லாம் கம்ப்யூட்டரில் விளையாடுகிற வீடியோ கேம் அது. மந்திரவாதிகள், குள்ளர் படை, பேசும் காடு, மலை உச்சியில் தூங்கும் கருஞ்சிறகு என்ற டிராகன். ஒன்பது கோட்டைகளையும் யார் பிடிப்பது என்று யோசித்து யோசித்து ஆட வேண்டிய ஆட்டம்.

பெயரைக் கேட்டதும் அவளுக்குப் பயம் பிடித்தது.

"வேற யாராவது பண்ணட்டுமே சார்" என்றாள்.

"வேற யாரு இருக்கா? ஓவியர் படம் போடுவார். மெஷின்காரர் அட்டை வெட்டுவார். விதி?" என்று கேட்டுவிட்டு முதலாளி அவரே சிரித்துக்கொண்டார்.

அவள் பயத்துக்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவளுடைய தம்பி.

தம்பிக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது அந்த விளையாட்டே கதி என்று கிடந்தான். அப்பா அம்மா இருவரும் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு அவள் தலையில். ஒருநாள் மதியம் வேலையிலிருந்து பாதியில் வந்தவள், பரீட்சை எழுதப் போயிருக்க வேண்டியவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். இரண்டாம் நாள் கம்ப்யூட்டரைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாள். அதன் பிறகு தம்பி இரண்டு வருடம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. படிப்பை முடிக்கவும் இல்லை. பார்சல் வேன் ஓட்டப் போனான். முப்பத்துநான்கு வயதில் வேன் ஒரு சுவரில் மோதி, வலது கை நரம்பு அறுந்தது. இப்போது அந்தக் கையில் மூன்று விரல் மடங்காது. எட்டு மாதமாக அக்கா வீட்டில்தான் இருக்கிறான். காலையில் கைக்குப் பயிற்சி, மதியம் ஜன்னல், மாலையில் மாமாவோடு செய்தி.

மாமா, அதாவது அவளுடைய கணவர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "நின்னுபோனதை மறுபடி ஓட வைக்கிறதுதான் என் வேலை. உன் தம்பி விஷயத்துல மட்டும் எந்த ஒயரைத் தொடறதுன்னு தெரியல" என்று ஒருமுறை அவளிடம் சொன்னார்.

தம்பியிடம் எதுவும் சொல்லாமலே வேலையை முடித்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். அலுவலகத்து மடிக்கணினியில் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் முட்டிப் பார்த்தாள். இரண்டாவது அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. படைக்குப் பசி, படைக்குச் சோர்வு, மழை பெய்தால் வில் நனையும், நனைந்த வில்லுக்கு ஒரு கணக்கு. அத்தனையையும் கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுகிறது. மேஜையைச் சுற்றி உட்காரும் நாலு மனிதர்கள் எப்படிப் போடுவார்கள்? அவள் எழுதிய முதல் விதிப் புத்தகம் ஐம்பத்திரண்டு பக்கம் வந்தது. சாப்பாட்டு அறையில் வைத்த முதல் சோதனை ஆட்டம் ஆறரை மணி நேரம் ஓடியது. மெஷின்காரர் நடுவில் எழுந்து, "அக்கா, என் படைக்குப் பசிக்குதோ இல்லையோ எனக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஜன்னல் அருகே இருந்த தம்பி முன்னால் போய் நின்றாள்.

"ஒன்பது கோட்டைல மழை வந்தா குதிரைப்படை எதுக்குடா மெதுவாப் போகுது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எந்த அத்தியாயம்?" என்றான்.

அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் முகத்தில் ஓர் அசைவு இல்லை. பிறகு மெல்லச் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது.

"அதைத் தூக்கிக் கொடுத்தவளையே அதைச் செய்யச் சொல்லிட்டாங்களா?"

"ஆமா."

"நல்லா வேணும் உனக்கு."

"வேணும்தான். இப்ப சொல்லு, குதிரை ஏன் மெதுவாப் போகுது?"

அவன் சொன்னான். அதன்பிறகு தினமும் சொன்னான். பதினைந்து வருடமாகத் தொடாத ஆட்டம் அவன் தலைக்குள் ஓர் இம்மி குறையாமல் இருந்தது. எந்தக் கோட்டைக்கு எத்தனை வாசல், எந்தக் குள்ளன் எந்த மந்திரத்துக்குப் பயப்படுவான், எல்லாம் மனப்பாடம். ஆனால் அவள் ஒன்றை வெட்டினால் போதும், சண்டைக்கு வந்துவிடுவான்.

"சோர்வுக் கணக்கை எடுத்துட்டியா? அதை எடுத்தா அப்புறம் இது என்ன ஆட்டம்?"

"ஒவ்வொரு தடவையும் பதினாறு காய்க்குச் சோர்வு கணக்குப் போட்டா, ஆடறவங்களுக்குத்தான்டா சோர்வு வரும்."

"அப்ப மழை?"

"மழைக்கு ஒரு சீட்டு. விழுந்தா எல்லாருக்கும் ஒரு கட்டம் குறைவு. அவ்வளவுதான்."

"நனைஞ்ச வில்லு?"

"காயட்டும்."

மாமா தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவார். சமையலறை மேஜை போர்க்களமாக இருந்தது. உப்பு ஜாடி ஒரு கோட்டை, ஊறுகாய் பாட்டில் ஒரு கோட்டை. அவள் பகலெல்லாம் அலுவலகத்தில் வெட்டியதை மாலையில் வீட்டில் நியாயப்படுத்த வேண்டியிருந்தது. அறுபத்துநாலு மந்திரங்களில் பதினெட்டு மிஞ்சின. நாற்பத்தாறு வகைப் படைகளில் ஆறு மிஞ்சின. பக்கங்கள் ஐம்பத்திரண்டிலிருந்து இருபதுக்கு வந்தன. ஒவ்வொன்றையும் அடிக்கும்போது தன் கையாலேயே யாரையோ ஊரை விட்டு அனுப்புவது போல இருந்தது அவளுக்கு. தூக்கத்தில்கூட, "இது வேண்டாம், இது வேண்டாம்" என்று முனகியதாகக் கணவர் சொன்னார்.

இவ்வளவு செய்தும் இரண்டு பெரிய ஓட்டைகள் அடைபடவில்லை. ஒன்று, டிராகன். கம்ப்யூட்டரில் கருஞ்சிறகைக் கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும். பலகையில் யார் ஆட்டுவிப்பது? சீட்டு எடுத்து, அதில் சொன்னபடி நகர்த்திப் பார்த்தார்கள். டிராகன் வழி தெரியாத மாடு மாதிரி அங்கும் இங்கும் போய் வந்தது. இரண்டாவது, தோற்பவர்கள். நான்கு பேர் ஆடினால் ஒருவர் முதல் அரை மணியிலேயே கோட்டையை இழந்துவிடுவார். மிச்ச ஒன்றரை மணி நேரம் அவர் என்ன செய்வது? போனைப் பார்ப்பார், கொட்டாவி விடுவார், மற்றவர்களின் உயிரை வாங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின்காரரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். மாமாவும் தம்பியும் சேர்ந்து நாலு பேர். அவள் நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக உட்கார்ந்தாள். தம்பி இடது கையால் காய்களை நகர்த்தினான். எல்லோருக்கும் எதிராக ஒரே நேரத்தில் படையை அனுப்பி, இருபதாவது நிமிடத்தில் கோட்டையைப் பறிகொடுத்தான்.

"இவ்வளவு தெரிஞ்சவன் நீயே முதல்ல போயிட்டியேப்பா" என்றார் மெஷின்காரர்.

தம்பி எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் பலகையையே முறைத்துக்கொண்டிருந்தான். அடுத்த சுற்றில் டிராகன் சீட்டு வந்தபோது, மாமா சீட்டைப் படிப்பதற்குள் டிராகன் காயைக் கையில் எடுத்தான்.

"சீட்டு வேண்டாம். நான் ஆடறேன் இதை."

"நீதான் தோத்துட்டியே" என்றார் மாமா.

"தோத்தவனுக்கு வேற என்ன வேலை?" என்று சொல்லி, தன் கோட்டையைப் பிடித்த மெஷின்காரர் மனைவியின் படைக்கு நடுவில் டிராகனைக் கொண்டுபோய் இறக்கினான்.

அந்த அம்மாள் "ஐயையோ" என்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அதற்குப் பிறகு யாரும் போனைத் தொடவில்லை. ஆட்டம் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அவள் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். முதலில் தோற்பவர் டிராகன் ஆவார். இரண்டு ஓட்டைக்கும் ஒரே அடைப்பு. வெகு மாதங்களுக்குப் பிறகு அன்று மதியம் அவளுக்குக் கழுத்து வலிக்கவில்லை.

ஆனால் முத்திரை ஒப்புக்கொள்ளவில்லை.

வீடியோ கேம் கம்பெனியிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்த்து ஒப்புதல் தருகிற பெண்ணுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் முத்திரை. வாரம் ஒருமுறை திரையில் வருவாள். பின்னால் எப்போதும் ஒரே சாம்பல் நிறத் திரைச்சீலை. கெட்டவள் இல்லை. அவளும் யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவள்.

"மேடம், ஐடியா நல்லாத்தான் இருக்கு. ஆனா கருஞ்சிறகு யாருக்கும் சொந்தமில்லாத ஜீவன். எந்த ராஜாவும் அதுவா மாற முடியாது. கதைப்படி தப்பு. ரசிகர்கள் எங்களைக் கிழிச்சிடுவாங்க."

"கதையில இடமிருந்தா?"

"இல்லையே. நான் மூணு பாகமும் முடிச்சிருக்கேன்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"இருக்கு" என்றான்.

"என்ன இருக்கு?"

"நாலாவது அத்தியாயம். உப்புப் பாலத்துச் சண்டை. அதுல தோத்தா 'மறுபடி ஆடு'ன்னு ஒரு பட்டன் வரும். எல்லாரும் டக்குனு அமுக்கிடுவாங்க. அமுக்காம அப்படியே விட்டா, ரொம்ப நேரம் கழிச்சு ஒரு காட்சி வரும். தோத்த ராஜா தனியா மலை ஏறிப் போவான். முதுகுல செதில் முளைக்கும். அவன்தான் கருஞ்சிறகு."

"இதை நீ எப்போ பார்த்தே?"

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"நீ பரீட்சைக்குப் போகலைன்னு வந்து கத்தினியே, அன்னைக்கு. நீ வாசல்ல நின்னு கத்தற, நான் அப்பதான் தோத்திருந்தேன். பட்டனை அமுக்கத் தோணல. கால் மணி நேரம் கத்தினே. உன் தோளுக்குப் பின்னாடி அலமாரிக் கண்ணாடில திரை தெரிஞ்சுது. அதுல பார்த்தேன். யார்கிட்ட சொன்னாலும் நம்பல. திரும்பக் காட்டலாம்னா கம்ப்யூட்டர் போயிடுச்சு."

அடுப்பில் பால் பொங்கியது. போய் இறக்கினாள். திரும்பி வந்து, "அதை எனக்குக் காட்டணுமே" என்றாள்.

காட்டுவது லேசில்லை. உப்புப் பாலத்தில் தோற்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் மூன்று அத்தியாயங்களில் ஜெயிக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தவனுக்குக் கை இல்லை. கை இருக்கிறவளுக்கு ஆட்டம் தெரியாது. மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல அவள் அமுக்கினாள்.

"இடது பக்கம். இடது பக்கம்க்கா! அது வலது."

"கத்தாதடா. கை நடுங்குது எனக்கு."

"எனக்குக் கை நடுங்கினாக்கூடப் பரவால்லையே."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. முதலிலிருந்தே ஆரம்பித்தார்கள். முதல் அத்தியாயம் மூன்றாம் முறையில் முடிந்தது. அவள் இரண்டு வாரம் மல்லுக்கட்டிய இரண்டாவது அத்தியாயம் நாலாம் முறையில். மூன்றாவதை முடிப்பதற்குள் அவள் இடது கண் சிவந்து நீர் கொட்டியது. ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் குள்ளர் படையை ஆற்றைக் கடக்க வைத்தாள். பத்தொன்பது வயதில் இவன் மணிக்கணக்கில் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தான் என்று அவளுக்குக் கொஞ்சம் புரிந்தது. உள்ளே ஒவ்வொரு தப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. வெளியே அப்படி எதுவும் இல்லை. இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

நாலாவது அத்தியாயத்தில் தோற்பது மட்டும் ஐந்தே நிமிடத்தில் நடந்தது. பட்டன் வந்தது. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரை மங்கிக் கறுத்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மாமா வேலை முடிந்து கைப்பையோடு உள்ளே வந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் அணைஞ்சு போனதையே பார்த்துக்கிட்டிருக்கீங்க? நான் வேணா பார்க்கட்டுமா?"

"எதையும் தொடாதீங்க!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

பதினான்காவது நிமிடத்தில் திரையில் பனி விழுந்தது. கிரீடம் இல்லாத ஒரு மனிதன் மலைப்பாதையில் நடந்தான். ஒருமுறை நின்று, எரிகிற தன் கோட்டையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்தான். முதுகு விரிந்தது. மாமா பையைக் கீழே வைக்க மறந்து நின்றார். அவள் போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். தம்பி திரையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்து, "பார்த்தியா? பொய் சொல்லலேல்ல?" என்றான். முப்பத்துநாலு வயது ஆள் கேட்கிற குரலாக இல்லை அது.

"இல்லடா" என்றாள்.

பதிவைப் பார்த்த முத்திரை அடுத்த வாரம் திரையில் வந்ததும் அங்கே விசாரித்ததைச் சொன்னாள். முதல் பாகத்துக்குக் கதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டாராம். இப்படி ஒரு காட்சி உள்ளே இருப்பது இப்போது அங்கே இருக்கும் ஒருவருக்கும் தெரியாதாம்.

"யார் கண்டுபிடிச்சாங்க இதை?"

"என் தம்பி."

"அவரையே இங்க வேலைக்கு எடுத்திருக்கணும்" என்று முத்திரை சிரித்தாள். சிரிப்போடு சரி, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஒப்புதல் மட்டும் வந்தது.

அதன்பின் வழக்கமான அல்லல்கள். முதல் அச்சில் காட்டின் பச்சையும் சதுப்பின் பச்சையும் ஒன்றாகப் போயின. பெட்டிக்குள் காய்கள் அடங்கவில்லை. விதிப் புத்தகத்தை இருபதிலிருந்து பதினாறு பக்கமாக்கச் சொன்னார்கள். அவள் ஒவ்வொரு வாக்கியமாகக் கிள்ளி எடுத்தாள். தம்பி இப்போது சண்டை போடவில்லை. "எதை எடுத்தாலும் எடு, டிராகனை மட்டும் தொடாதே" என்றதோடு நிறுத்திக்கொண்டான். மூன்றே வாரத்தில் செய்ய வேண்டிய திருத்தம் ஐந்து மாதம் இழுத்தது. பெட்டி கடைக்குப் போன நாளில் முதலாளி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அவள் தன் பங்கைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

விதியை அமைத்தவர்கள் என்று தன் பெயரோடு தம்பி பெயரையும் போடச் சொல்லியிருந்தாள். "ஊழியர் பெயர்தான் போடணும், ஒப்பந்தம் அப்படி" என்றார் முதலாளி. மல்லுக்கு நிற்க அவளிடம் அப்போது மிச்சம் எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில், சோதித்து உதவியவர்கள் என்ற பொடி எழுத்துப் பட்டியலில், மெஷின்காரருக்கும் மாமாவுக்கும் நடுவில் அவன் பெயர் வந்தது. அதிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

அவள் அதைக் காட்டவே கூசினாள். அவன் பார்த்துவிட்டு, "யாரோ புண்ணியவான் நல்லா சோதிச்சிருக்கான்" என்றான்.

"அடுத்த அச்சுல மாத்திடறேன்டா."

"அடுத்த அச்சு வந்தா பார்க்கலாம்."

ஆட்டம் ஓகோவென்றும் போகவில்லை, ஒரேயடியாகப் படுக்கவும் இல்லை. நிதானமாக விற்றது. சனிக்கிழமைகளில் ஒரு கடையில் வாடிக்கையாளர்களுக்கு ஆடிக் காட்ட ஆள் கேட்டார்கள். தம்பி போய்வருகிறான். வாரம் ஒருநாள் வேலைதான். மிச்ச நாட்களில் இன்னமும் ஜன்னல்தான். அவளுக்கு அடுத்த வேலை வந்துவிட்டது. போனில் ஆடுகிற ஏதோ விவசாய விளையாட்டைச் சீட்டுக்கட்டாக்க வேண்டும். விதை போட்டால் நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டிய ஆட்டம். சீட்டில் எப்படிக் காத்திருப்பது என்று அவள் இன்னும் யோசிக்க ஆரம்பிக்கவில்லை.

பத்திரிகைக்கு வாசகர் கடிதம் வருவது போல, விளையாடுகிறவர்களின் கடிதங்கள் அவளுக்குத்தான் வரும். போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார். அவர் வீட்டில் எல்லோருக்கும் டிராகன் ஆக ஆசையாம். அதனால் முதல் சுற்றிலேயே நாலு பேரும் கோட்டை வாசலைத் திறந்துவிட்டுத் தோற்கப் போட்டி போடுகிறார்களாம். ஜெயிக்க ஆளே இல்லையாம். இதற்கு விதி என்ன சொல்கிறது?

அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தம்பிக்குப் போன் செய்து படித்துக் காட்டினாள்.

"என்னடா சொல்றே?"

"இதை நாம யோசிக்கவே இல்லையேக்கா."

"இருபத்திரண்டு வருஷமா இதே வேலை பண்றேன். தோக்கறதுக்கு ஒருத்தன் ஆசைப்படுவான்னு எனக்குத் தோணவே இல்ல."

"தோத்தவன், எனக்கே தோணலையே" என்று அவன் சிரித்தான். பிறகு, "என்ன பதில் போடப் போறே?" என்றான்.

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். மேஜையில் விவசாய விளையாட்டின் காகிதங்கள் குவிந்து கிடந்தன.

"உங்க வீட்டுல எல்லாரும் சந்தோஷமா இருந்தா விதி எதுவும் மீறப்படலைன்னு போடறேன்."

"அது பதிலா?"

"இன்னைக்கு இதுதான் பதில். நாளைக்கு வேற தோணினா மாத்திக்கலாம்."

"சரி, அனுப்பு" என்றான் தம்பி. அவள் அனுப்பிவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டைத் திறந்தாள்.